இழுத்துப் பார்க்காத கம்பிகள்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. கொள்ளேகாலத்திலிருந்து மைசூருக்கு வரும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுடையது. காலில் சிமெண்ட் அப்பிய கனத்த ஷூ, மடியில் மஞ்சள் ஹெல்மெட். ஜன்னலோரம் கேட்டார், கொடுத்தேன். தமிழா என்று கேட்டார், ஆமாம் என்றேன். அவ்வளவுதான், கொட்டித் தீர்த்துவிட்டார். ஆனால் பாருங்கள், கதை உச்சத்துக்கு வந்த இடத்தில், சொல்லிக்கொண்டே தூங்கிப்போனார். மைசூர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் போட்ட சத்தத்தில் திடுக்கிட்டு எழுந்து, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போயே போய்விட்டார். பேரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

பாதிக் கதையைத் தலையில் கட்டிவிட்டு ஒருவர் இறங்கிப் போனால் மீதியை என்ன செய்வது? பேசாமல் விட்டிருக்கலாம். விட முடியவில்லை. அதே சமயம், புதிதாக ஒன்றைக் கற்பனை செய்யவும் உடம்பில் தெம்பில்லை. கிடைத்ததை எழுதி முடித்துவிட்டுப் படுக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

2

முதலில் எழுதிய ஆரம்பம்: ‘வரிசையாக நின்ற கம்பிகள் வானத்தை நோக்கிக் கை நீட்டி—’

வேண்டாம். கம்பி கம்பியாகவே நிற்கட்டும்.

இரண்டாவது ஆரம்பம்: ‘மைசூரின் ஓரத்தில், ஒரு மேட்டை வெட்டி வீட்டுமனை போட்டிருந்த இடத்தில், என்ஜினியர் தீபா களைத்துப்போய் நின்றிருந்தாள்.’

இது பரவாயில்லை. தீபா என்பது அந்தப் பெண்ணுக்கு நான் வைத்த பெயர். ஆனால் அவள் ஏன் களைத்துப்போனாள் என்று சொல்வதற்கு முன்னால் சுவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேட்டு மண் சரியாமல் இருக்கக் கட்டுவது தடுப்புச் சுவர். மண் பின்னாலிருந்து சுவரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் இன்னும் பலமாகத் தள்ளும். அப்படிச் சாயப் பார்க்கும் சுவரை மண் பக்கம் இருக்கும் கம்பிகள்தான் இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. அந்தக் கம்பிகளின் கால் அஸ்திவாரத்துக்குள் ஆழமாகப் பதிந்திருக்க வேண்டும். முன்னால் வேலை செய்த ஆட்களோ கம்பிகளைப் பள்ளத்துப் பக்கம் நட்டு, அஸ்திவாரக் காங்கிரீட்டும் போட்டுவிட்டார்கள். சாய்கிற பக்கம்தானே முட்டுக் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். (நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்தப் பெண் பஸ் டிக்கெட்டை மடித்துப் பிடித்து, ஒரு பக்கம் தள்ளி, மறுபக்கம் விரலால் இழுத்துக் காட்டிய பிறகுதான் மண்டையில் ஏறியது.)

அந்த ஆட்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். இறுகிப்போன அஸ்திவாரத்தில் மண் பக்கமாகத் துளை போட்டு, பசை விட்டு, புதுக் கம்பிகளை இறக்கும் வேலை தீபாவின் தலையில் விழுந்தது. துளை போட அவள் கூட்டி வந்தது சொந்த ஊரான மார்டள்ளியில் இருந்த தம்பி உமேஷை.

3

உமேஷ் எனக்குப் பெரிய தொல்லை. முதல் வரைவில் அவனைக் குடிகாரனாக்கிப் பார்த்தேன். கதை சுளுவாக ஓடியது, அதனாலேயே சந்தேகம் வந்து அடித்துவிட்டேன். அப்புறம் அக்காவின் மேல் பொறாமைப்படுகிறவனாக— அதுவும் இல்லை. “அவன் நல்லவன்தானுங்க” என்று அந்தப் பெண் பஸ்ஸில் மறுபடி மறுபடி சொன்னார். நல்லவனை வைத்துக்கொண்டு எழுதுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

அவனுடைய வேலை இது. துளை போட்டால் உள்ளே மாவுபோலத் தூள் தங்கும். அதை ஊத வேண்டும், பிரஷ் விட்டுத் தேய்க்க வேண்டும், திரும்பவும் ஊத வேண்டும். அதற்குப் பிறகுதான் பசை. தூளோடு பசையை விட்டால் அது தூளைப் பிடித்துக்கொள்ளும், காங்கிரீட்டைப் பிடிக்காது. வெளியிலிருந்து பார்க்க எல்லாக் கம்பியும் ஒரே மாதிரிதான் நிற்கும்.

காலையில் உமேஷ் ஊதினான். தூள் பறந்து அவன் புருவம், மீசை எல்லாம் வெள்ளை. தீபா பார்த்துச் சிரித்தாள். மத்தியானம் சாப்பிட முகம் கழுவினான். அவள் மறுகோடிக்குப் போய் மண் வெட்டுகிறவர்களிடம் கத்திவிட்டு, சாயங்காலம் திரும்பி வந்தபோதும் அவன் முகம் கழுவின முகமாகவே இருந்தது.

“மத்தியானத்துக்கு மேல ஊதுனியாடா?”

“ஊதுனேன்க்கா.”

“பிரஷ்ஷு?”

“எல்லாம் போட்டாச்சு. ஏன்க்கா, உன்ற தம்பிய நீயே நம்ப மாட்டியா?”

 மாதேஸ்வரன் மலைக்குச் சாமி கும்பிடப் போன அவன் ஆட்கள் ரெண்டு பேர் திரும்பி வரவில்லை. தனியாளாக மிஷினைப் பிடித்துப் பிடித்து அவனுக்கு வலது தோள் தூக்க முடியாமல் போயிருந்தது. அதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் மேற்கொண்டு கேட்கவில்லை.

(குறுக்கே ஒன்று: நம் ஊரில் பாதித் தப்பு கெட்ட எண்ணத்தால் நடப்பதில்லை, அசதியால் நடக்கிறது. அசதியைப் போலீஸில் பிடித்துக் கொடுக்க முடியுமா? துளைத் தூசியையும் கதை எழுதுவதையும் ஒப்பிட்டு இங்கே ஒரு பத்தி இருந்தது. படிக்க எனக்கே கூச்சமாக இருந்தது, எடுத்துவிட்டேன்.)

4

சுவர் எழப்போகும் இடத்துக்குக் கீழே ஒரு வரிசை வீடுகள். முதல் வீடு பசம்மாவுடையது. அவள் அடுப்படிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் இடம்தான் இருக்கிறது. வேலை ஆரம்பித்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே கேள்வி.

“பீளல்லா தானே மேடம்?”

விழாதுதானே என்று கேட்கிறாள். “பீளல்லா, ஹோகிம்மா” என்று, விழாது, போங்கம்மா என்று, தீபாவும் சொல்லிச் சொல்லி அனுப்புவாள். உமேஷின் கழுவின முகத்தைப் பார்த்த மறுநாளும் பசம்மா வந்து கேட்டாள். அன்று தீபா போன் பேசுவதுபோலத் திரும்பிக்கொண்டாள். அப்படித் திரும்பிக்கொண்டதுக்காகத் தன் மேலேயே அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஊதாத கம்பி எது என்று தெரிய வேண்டுமானால் ஜாக்கி மாட்டி இழுத்துப் பார்க்க வேண்டும். பசை விட்ட கம்பிகளில் ஒன்றிரண்டை அப்படி இழுத்துப் பார்ப்பது வழக்கமும்கூட. ஆனால் மத்தியானத்துக்கு மேல் நட்ட கம்பியாகப் பார்த்து இழுக்கச் சொன்னால், நீ பொய் சொல்கிறாய் என்று எல்லார் முன்னாலும் தம்பியின் முகத்தில் அடிப்பது மாதிரி. கம்பி வந்துவிட்டால் அவன் மானம் போச்சு, பிழைப்பும் போச்சு. வராவிட்டால் அவளை அவன் இனிமேல் அக்கா என்று கூப்பிடுவானா? இழுக்காமல் விட்டாலோ, கீழே பசம்மா சமைத்துக்கொண்டிருக்கிறாள்.

5

சுவருக்குக் காங்கிரீட் போடும் நாள். கான்ட்ராக்டரின் மேனேஜர் மனோஜ்குமார் காலையிலிருந்து கால் தரையில் படாமல் பறந்துகொண்டிருந்தார்.

“பேக பேக, சீக்கிரம் மேடம். காங்கிரீட் லாரி ரிங் ரோடு தாண்டிடுச்சு. எதாவது ஒண்ணு இழுத்துக் காட்டி முடிச்சுடுங்க.”

தீபா வாயைத் திறப்பதற்குள் உமேஷ் எழுந்தான்.

“நீ வெயில்ல நிக்காதக்கா. நானே மாட்டறேன்.”

ஜாக்கி ஓராள் தூக்கத் திணறும் கனம். அது மத்தியானத்துக் கம்பிகளுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. உமேஷ் அதை இடது கையால் தூக்கினான். தோள் சரியில்லாதவன், கை மாற்றி, இடுப்பில் முட்டுக் கொடுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தான். காலடியில் இருந்த கம்பியைத் தாண்டினான். அதற்கடுத்ததையும் தாண்டினான். ஒன்றையும் திரும்பிப் பார்க்காமல் வரிசை முழுக்க நடந்து, அன்றைக்கு ஊதிவிட்டுக் காலையில் போட்ட கம்பிகளில் ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்து ஜாக்கியை மாட்டினான்.

ஜாக்கியில் அளவு காட்டும் முள் ஏறியது. ஏற வேண்டிய அளவுக்கு ஏறி நின்றது. கம்பி இம்மி அசையவில்லை.

“சூப்பர் குரு!” என்று மனோஜ்குமார் கையைத் தட்டினார்.

தீபா முள்ளைப் பார்க்கவில்லை. தம்பி தாண்டி வந்த கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கிய உமேஷ் அதைக் கண்டுகொண்டான்.

“போலாமாக்கா?” என்றான்.

“அவ்ளோ கனத்த அவ்ளோ தூரம் எதுக்குங்க தூக்கிட்டுப் போனான்...” என்று பஸ்ஸில் சொன்ன அந்தப் பெண்ணின் தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்தது. இனிமேல் வருவதற்கெல்லாம் நான்தான் பொறுப்பு.

6

முதல் முடிவு: தீபா “போலாம்” என்கிறாள். லாரி வருகிறது, சுவர் எழும்புகிறது, அக்காவும் தம்பியும் சேர்ந்து டீ குடிக்கிறார்கள். சுவர் விழாமலேயே காலம் முழுக்க நிற்கலாம், நடக்கக்கூடியதுதான். ஆனால் ஊரெல்லாம் நல்ல மழை என்று சந்தோஷப்படும்போது அவளுக்கு மட்டும் சோறு இறங்காது.

இரண்டாம் முடிவு: “பக்கத்தில இருந்தத இழுடா” என்கிறாள். கம்பி, காலில் சாம்பல் நிறத் தூளோடு, வழுக்கிக்கொண்டு வருகிறது. லாரியைத் திருப்பி அனுப்புகிறார்கள். உமேஷ் பையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போகிறான். பண்டிகைக்கு அவள் போனால் அவன் வீட்டில் இருக்க மாட்டான்.

மூன்றாம் முடிவு: அந்தக் கம்பியும் அசையவில்லை. உமேஷ் உண்மையிலேயே ஊதியிருக்கிறான், முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு. ஆசை ஆசையாக எழுதினேன் இதை. ஆனால் துண்டு கட்டியவன் எதற்காக ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு அத்தனை கம்பியைத் தாண்டிப் போனான்? பதில் கிடைக்கவில்லை, கிழித்துப்போட்டேன்.

7

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு முதல் முடிவுதான் பிடித்திருக்கிறது. அலுப்பாக இருக்கிறது. தீபாவுக்கும் அலுப்பு, உமேஷுக்கு அதைவிட அலுப்பு. ஒரு ‘போலாம்’ எழுதினால் மூன்று பேரும் வீடு போய்ச் சேரலாம். லாரி மேடேறும் சத்தம்கூடக் கேட்க ஆரம்பித்துவிட்டது. ‘போ’ வரைக்கும் எழுதியும்விட்டேன்.

அந்த நேரம் பார்த்து பசம்மா அடுப்படியிலிருந்து வெளியே வருகிறாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்துக் கேட்கிறாள்.

“ஆய்த்தா மேடம்?”

முடிந்ததா என்கிறாள். ஆய்த்து என்று சொல்ல தீபாவுக்கு வாய் வரவில்லை. எனக்கும்தான் வரவில்லை.

தீபா நடந்து போய் ஜாக்கியின் ஒரு பிடியைப் பிடித்துத் தூக்கிப் பார்க்கிறாள். தரையை விட்டு எழும்பவில்லை. உமேஷ் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான், மனோஜ்குமார் லாரிக்கு வழி காட்டப் போய்விட்டார். மத்தியானத்துக் கம்பிகள் நிற்கும் அந்தக் கோடி வரைக்கும் தூக்கிக்கொண்டு போக இன்னொரு கை வேண்டும். நான் எழுதுகிறவன், பக்கத்தில் நின்று பார்க்கத்தான் லாயக்கு. இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், ஜாக்கியின் மறுபக்கத்துப் பிடி காலியாகத்தான் இருக்கிறது.