ஆயிரத்து ஐந்நூறும் ஆயிரத்து இருநூறும்

ராயபுரம் விசைப்படகு உதிரிபாக வியாபாரிகள் நலச் சங்கத்தின் தலைவர் வெள்ளத்துரைக்கு எண்களின் மேல் அசைக்க முடியாத நம்பிக்கை. நூறு குதிரைத்திறன் எண்பதைவிடப் பெரியது. தலைவர் செயலாளரைவிடப் பெரியவர். 2001 மே மாதம், சங்கத்து உறுப்பினர் ஒன்பது பேரும் கடைக்கொரு கம்ப்யூட்டர் வாங்குவதென்று தீர்மானம் போட்டபோதும் அவருக்குக் குழப்பமே வரவில்லை. கம்ப்யூட்டர் விற்பனையாளர் சாலமோன் கொண்டுவந்த பென்டியம் ஃபோர் ஆயிரத்து ஐந்நூறு மெகாஹெர்ட்ஸ். மலர்க்கொடி கொண்டுவந்த ஆத்லான் ஆயிரத்து இருநூறு. முந்நூறு கம்மி. கூட்டம் அத்துடன் முடிந்திருக்க வேண்டும்.

முடிய விடாதவள் மலர்க்கொடி. வியாசர்பாடிக்காரி. மூன்று வருடமாக ரிச்சி தெருக் கடை ஒன்றில் பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டுகிறாள். அவள் பூட்டிய பெட்டிகளெல்லாம் கடைக்காரர் பெயரை நெற்றியில் ஒட்டிக்கொண்டு போயின. இந்த ஒன்பது பெட்டி கிடைத்தால் வேலையை விட்டுவிட்டுச் சொந்தப் பெயரில் தொழில் தொடங்கலாம். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை அந்தக் கடைக்கே திரும்ப வேண்டும். அங்கே அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லி லீவு எடுத்திருந்தாள்.

“நம்பர பாத்து இன்னா அண்ணாச்சி பண்றது? அது எத்தினி தபா சுத்துதுன்ற கணக்கு. ஒரு சுத்துக்கு எவ்ளோ வேல செய்துன்னு பாக்க வாணாவா?”

“அண்ணாச்சி, கூட சுத்துறது கூட வேலை செய்யும். இதுல என்ன இருக்கு?” என்றார் சாலமோன். அவர் டை கட்டியிருந்தார். மே மாத ராயபுரத்தில் டை கட்டியவரை எதிர்த்துப் பேச யாருக்கும் மனம் வருவதில்லை.

வழி சொன்னவர் மெக்கானிக் பரசுராமன். காசிமேட்டில் எந்த எஞ்சின் வலுவானது என்று தகராறு வந்தால் இரண்டு படகையும் பின்னுக்குப் பின் கயிறு கட்டி எதிரெதிராக ஓட்டுவார்கள். எது எதை இழுத்துப் போகிறதோ அது ஜெயித்தது. தீர்ப்புச் சொல்வது பரசுராமன்.

“இதையும் அப்டி இழுக்கவுட்டா தெரிஞ்சிட்டு போவுது,” என்றார்.

கம்ப்யூட்டருக்குக் கயிறு கட்ட இடமில்லாததால், ஒரே வேலையை இரண்டுக்கும் கொடுப்பதென்று முடிவானது. எந்த வேலை என்பதைத் தலைவர் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார். அவருடைய மணிவிழாவில் அவரே ஆற்றிய இருபத்தைந்து நிமிட ஏற்புரை. வீடியோவை இரண்டு பெட்டியிலும் ஏற்றியாயிற்று. எது முதலில் அதைச் சிடியில் போடும்படி மாற்றி முடிக்கிறதோ, அதற்கு ஒன்பது ஆர்டர்.

மாற்றும்போது படம் மெதுவாக ஊரும், சத்தம் வராது என்று மலர்க்கொடி சொன்னதும் உறுப்பினர்கள் முகத்தில் நிம்மதி பரவியது. அது நிலைக்கவில்லை. திரையில் வாயசைத்த தம் உருவத்துக்குத் தலைவர் பக்கத்தில் நின்று தாமே குரல் கொடுக்க ஆரம்பித்தார். கால் மணி நேரத்தில் அதுவும் சிக்கலாயிற்று. மலர்க்கொடியின் திரையில் அவர் சென்னை வந்து கடை திறந்துவிட்டார். சாலமோன் திரையில் இன்னும் திருச்செந்தூரில் ரயில் ஏறவில்லை. எந்த வெள்ளத்துரைக்குப் பேசுவதென்று தெரியாமல் அசல் வெள்ளத்துரை உட்கார்ந்துவிட்டார்.

மலர்க்கொடியால் உட்கார முடியவில்லை. திரைக்கு வந்தாள், ஜன்னலுக்குப் போனாள், கீழே வரிசையில் நின்ற கன்டெய்னர் லாரிகளை எண்ணினாள், பாதியில் விட்டுவிட்டு மறுபடி திரைக்கு வந்தாள். நாற்பதாவது நிமிடம். அவளுடையது எண்பத்தேழு சதவீதம். சாலமோனுடையது அறுபத்தொன்பது.

“இன்னாமா, பிரசவ வார்டு மாரி நடந்துகினே கீற,” என்றார் பரசுராமன். “போய் மூஞ்ச கழுவிகினு வா. நான் பாத்துக்கறேன்.”

போனாள். அதுதான் தப்பு.

திரும்பி வந்தபோது அவளுடைய பெட்டியின் மேல் ஈரக் கோணிச் சாக்கு ஒன்று கிடந்தது. பின்பக்கம் காற்றாடி மூச்சுவிடும் ஓட்டை வரைக்கும் தொங்கியது.

“நைனா, இன்னா இது?”

“பொட்டி கொதிக்குதும்மா. கைய வெக்க முடில. எஞ்சினு கொதிச்சா சாக்குதான். சொட்டாம நல்லா பிழிஞ்சிதான் போட்டேன்.”

அவள் பாய்ந்து சாக்கை இழுப்பதற்குள் திரை கறுத்தது. சூடு மிஞ்சினால் தானே அணைந்துவிடும் பெட்டி அது. தொண்ணூற்றொன்றில் அணைந்தது.

“பாதிக் கடல்ல நின்னா அது படகா அண்ணாச்சி?” என்றார் சாலமோன். வெள்ளத்துரை வருத்தத்துடன் தலையாட்டினார். முந்நூறு கம்மியென்று அவர் அப்போதே நினைத்தார்.

மலர்க்கொடி பெட்டியின் மூடியைக் கழற்றினாள். துப்பட்டாவால் துடைத்தாள். சங்கத்தின் ஆண்டறிக்கையை எடுத்து விசிறினாள். அந்த அறிக்கை ஒருவருக்குப் பயன்பட்டது அன்றுதான். உள்ளே வெந்துபோயிருந்தால் ஒன்பது பெட்டியும் போச்சு, இந்தப் பெட்டியும் போச்சு. அவள் விசிறிக்கொண்டிருக்கும்போதே சாலமோனின் பெட்டி முடித்தது. ஐம்பத்தெட்டு நிமிடம். எல்லோரும் கைதட்டினார்கள், முடிந்ததே என்று.

அவள் பட்டனை அழுத்தினாள். ஒரு பீப். திரை எழுந்தது.

“நைனா சாக்கு போட்டது நல்லதுக்குத்தான்,” என்றாள், துப்பட்டாவைப் பிழிந்தபடி. “மறுபடி ஓட்டலாம். ஆனா அவரு பொட்டிக்கும் ஒரு சாக்கு போடுங்க. எனக்கு ஒரு நாயம், அவருக்கு ஒண்ணா?”

சாலமோன் தம் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். “சாக்கா? இதுமேலயா? வேண்டாம் அண்ணாச்சி, கெட்டுப்போயிரும்.”

பரசுராமனுக்கு முகம் மாறியது. “முப்பது வருசமா போட்றேன். என் சாக்கால எந்த எஞ்சின் கெட்டுச்சி? இந்தப் பொண்ணுது நின்னுது, எய்ந்துச்சி. சாக்க கண்டே பயப்பட்ற எஞ்சின எவன் கடலுக்கு எட்த்துனு போவான்?”

‘மறுபடி’ என்றால் ஏற்புரையும் மறுபடிதான் என்பது அப்போதுதான் உறுப்பினர்களுக்கு உறைத்தது. தலைவர் அதற்குள் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். மலர்க்கொடிக்கு எட்டுக் கைகள் ஒன்றாக உயர்ந்தன.

வெள்ளத்துரை சங்கத்தின் தாளில் ஆர்டரை எழுதினார்: ‘ஈரச் சாக்கையும் தாங்கிய பெருந்திறனை மெச்சி, திருமதி மலர்க்கொடிக்கு ஒன்பது கம்ப்யூட்டர்.’ அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அதை அவள் விட்டுவிட்டாள்.

“வேகம்னு ஒரு வார்த்த சேத்துக்கோங்க அண்ணாச்சி.”

“வேகத்துல அவன்லாம்மா ஜெயிச்சான். ஐம்பத்தெட்டு நிமிசம். ஒனக்குத்தான் கணக்கே இல்லியே.”

சாலமோன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். உறுப்பினர்கள் அதற்கு முன்பே போயிருந்தார்கள். தாள் கைப்பையில் இருந்தது, அவளும் போயிருக்கலாம். கால் படிவரைக்கும் போனது. திரும்பி வந்து, பெட்டியைச் சுவரைவிட்டு நகர்த்தி வைத்து, முதலிலிருந்து ஓடவிட்டாள்.

வெள்ளத்துரை மலர்ந்துபோனார். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். “திருப்பிக் கேக்கணும்னு தோணுச்சு, என்ன? இந்தா, இந்த இடத்துலதான் எல்லாரும் கண்ணத் தொடைச்சாவ.”

அவள் அந்த இடத்தைப் பார்க்கவில்லை. கீழே ஓடும் எண்ணை மட்டும் பார்த்தாள். தொண்ணூறு. தொண்ணூற்றொன்று. தொண்ணூற்றிரண்டு. நூறு.

“நாப்பத்தாறு நிமிசம் அண்ணாச்சி.”

“சேச்சே, இருவத்தஞ்சுதாம்மா பேசுனேன்,” என்றார் வெள்ளத்துரை. “அதுக்குள்ள பந்தி போட்டாச்சுன்னு எல்லாரும் எந்திரிச்சிட்டாவ.”