தண்ணீர் ஓடக்கூடாத பள்ளம்

கே.ஜி.கண்டிகையில் பங்காருவின் நிலம் சரிவானது. மழைநீர் நிற்காமல் ஓடிவிடும். சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் பள்ளம் வெட்டினால் நீர் அதில் தேங்கி மண்ணுக்குள் இறங்கும் என்றாள் அவர் மச்சினி உதயா. நிலங்களை வடிவமைப்பது அவள் தொழில். இதுதான் முதல் வேலை. இது பலித்தால்தான் அக்கம்பக்கத்தார் அவளைக் கூப்பிடுவார்கள்.

"இந்த மழைக்கு நிக்கலன்னா போர் போடற லாரிய கூப்ட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பங்காரு மண்வெட்டியை எடுத்தார்.

மழை விட்டதும் உதயா ஓடிப்போய்ப் பார்த்தாள். பள்ளம் காலி. ஒரு முனையில் கரை உடைந்து கிடந்தது.

பயத்தைவிட, ஏன் என்று தெரிந்துகொள்ளும் ஆவலே அவளுக்கு அதிகமாக இருந்தது. மட்டம் பார்க்க, கூடாரம்போல் கட்டிய கழிகளை எடுத்துவந்தாள். இரண்டு கால்களும் ஒரே மட்டத்தில் நின்றால், உச்சியிலிருந்து கல் தொங்கும் கயிறு குறுக்குக்கழியின் நடுக்கோட்டைத் தொடும். வெட்டாத மேல்கரையில் வைத்தாள், தொட்டது. பள்ளத்துக்குள் வைத்தாள், கயிறு, கரை உடைந்த முனைப்பக்கம் விலகியது.

"பாவா, போகப்போக ஆழமா வெட்டினீங்களா?"

"ஆங். வாட்டம் இல்லாம தண்ணி எப்டி ஓடும்?"

"ஓடக்கூடாதுன்னுதான் வெட்டவே சொன்னேன்!"

பங்காரு தலையைச் சொறிந்தார். "எத்தினி வருசமா வாய்க்கா வெட்டிகினு கீறேன்! கை தானா சரிச்சிடுச்சும்மா."

உதயா சிரித்துவிட்டாள். இருவரும் கரையை அடைத்து, பள்ளத்துக்குள் அங்கங்கே குறுக்கே மண்திட்டு போட்டார்கள்.

அடுத்த மழையில் ஒவ்வொரு திட்டின் பின்னாலும் தண்ணீர் குட்டையாக நின்றது. பங்காரு குச்சியை விட்டு ஆழம் பார்த்தார். பிறகு, போன மழையன்றே சொல்லிவைத்திருந்த லாரிக்காரருக்குப் போன் போட்டார்.

"லாரி வேணாம்பா. தண்ணி இங்கயே நின்னுகினு கீது."