எண்பதில் ஒருத்தர்

கிரேன்காரருக்கு இதயக் குழாயில் ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்திருந்தது. மறுபடி கிரேன் ஏறலாமா என்று பார்க்க, இதயத்தை ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். துணைக்குப் போனவன் மச்சினன். அந்தக் கிரேனுக்குக் கீழே நின்று சைகை காட்டுகிறவன். மாமனுக்கு மேலே மயக்கம் வந்தால் கீழே நசுங்கப் போவது இவன் தலை.

"நாடித்துடிப்பு குறைஞ்சாத்தான் படம் தெளிவா வரும். பேசாம படுங்க" என்றாள் நர்ஸ்.

மாமன் படுத்தபடியே போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். மாத்திரை கொடுத்தும் துடிப்பு குறையவில்லை. போனைப் பிடுங்கியதும் குறைந்தது. வியாதி இதயத்திலா வாயிலா என்று மச்சினனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். "ஸ்டென்ட் நல்லா இருக்கு. ஆனா பக்கத்துக் குழாய்ல புதுசா கொழுப்பு படிஞ்சிருக்கு. மெத்துனு இருக்கு, எப்ப வேணா வெடிக்கும். இந்த மாதிரி படம் உள்ள நூறு பேர்ல இருபது பேருக்கு அஞ்சு வருஷத்துக்குள்ள மாரடைப்பு வருது. மருந்தை மாத்தறேன். கிரேன் வேண்டாம்."

மாமன் முகம் மலர்ந்தது. "அப்ப எண்பது பேருக்கு ஒண்ணும் ஆகாது!"

"அதுல நீங்க இருப்பீங்கன்னு யார் சொன்னா?"

"நான் இல்லாம வேற யாரு?"

பஸ்ஸோ பந்தியோ, எதிலும் இடித்துத் தள்ளிக்கொண்டு முதல் ஆளாக நுழைகிற மனுஷன். சாவென்றதும் எத்தனை அடக்கமாக எண்பது பேருக்கு நடுவே போய் ஒளிந்துகொண்டார்!

வீட்டில் மனைவியிடம், அதாவது மச்சினனின் அக்காவிடம், "எண்பது மார்க்குடி" என்று மீசையைத் தடவினார்.

"மேல போறேன் மேல போறேன்னு ஒரேயடியா போயிடாதீங்க" என்றாள் அக்கா. அவர் காதில் விழவில்லை.

மறுநாள் வேலையிடத்தில் இன்ஜினியர் ரிப்போர்ட்டைக் கேட்கவே இல்லை. வேறு கிரேன்காரர் கிடைக்காத கவலை அவருக்கு. "முகத்தைப் பாத்தாலே தெரியுது" என்று ஏற்றிவிட்டார். படித்த கண்ணுக்கு ஸ்கேனே தேவையில்லை போலும்.

கம்பிக்கட்டைக் கொக்கியில் மாட்டியாயிற்று. சைகை இல்லாமல் கொக்கி அசையக்கூடாது. மச்சினன் கைகளைப் பையில் விட்டுக்கொண்டான்.

"டேய், கையக் காட்டுடா!"

"இறங்குங்க மாமா."

இன்ஜினியர் ஓடி வந்தார். "என்னப்பா விளையாட்டு?"

டாக்டரம்மா சொன்னதை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மச்சினன் சொன்னான். கம்பி கட்டுகிறவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். "தைரியம் இருந்தா நீங்க இந்தக் கொக்கிக்குக் கீழ நில்லுங்க சார். நான் அந்தச் சுவரோரமா நின்னு கை காட்டறேன்."

இன்ஜினியர் அண்ணாந்து பார்த்தார். தொப்பியைச் சரிசெய்தார். பின்பக்கமாகவே நடந்து, சுவரோரம் போய் நின்றுகொண்டு கத்தினார்:

"யோவ், இறங்குய்யா கீழே!"