முத்துலிங்கத்தின் ஆயுட்சந்தா

இதில் ஒரு சொல் பொய்யென்றால் எனக்கு மிச்சமிருக்கும் மூன்று பல்லும் இன்றைக்கே விழட்டும்.

குருமன்காட்டில், புருசனின் பிரேதத்தைக் கூடத்தில் கிடத்திய கையோடு முற்றத்துக்கு ஓடிவந்த இராசேஸ்வரி, பறையில் விழவிருந்த தடியை எட்டிப் பிடித்தாள்.

“அடிக்காதேங்கோ! கொம்பனிக்குத் தெரிஞ்சிடும்.”

முத்துலிங்கம் இரண்டாயிரத்து மூன்றில், முபாறக்கின் இன்ரநெற் கடையில் ஆயுட்சந்தா எடுத்திருந்தார். ஒருதரம் காசு கட்டினால் சாகும்வரை கனடாவுக்குக் கதைக்கலாம். வயது கேட்ட இடத்தில் அறுபத்தொன்றை நாற்பதாக்கி எழுதுவித்தார். கொம்பனி பயந்துவிடக் கூடாதாம். அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் அதே கடையிலிருந்து, கனடாவிலிருக்கும் மகள் வினோஜாவோடு கதை. கத்தரிக்காய்க் குழம்புக்குப் பக்குவம் சொல்லத் தொடங்கினால், அங்கே கறி கொதித்து, இறக்கி, அவள் சாப்பிட்டுக் கைகழுவும் வரை இங்கே கதிரையை விட்டு எழும்பமாட்டார்.

வினோஜாவுக்கு அங்கே விசா சரிவரவில்லை, வர முடியாது. பிரேதத்தை எடுக்கமுன் அவள் தகப்பனோடு ஒரு வார்த்தை கதைக்கவேண்டும். ஆள் போய்விட்டாரென்று அறிந்தால் கொம்பனி சந்தாவை வெட்டிவிடும். ஆகவே செத்தவீட்டில் வெள்ளைக்கொடி இல்லை, ஒப்பாரி இல்லை. வந்த பெண்கள் சீலைத்தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்கள்.

“கனடாக் கொம்பனிக்குக் குருமன்காட்டுப் பறை கேக்குமே, அக்கா?” என்றார் அவளுடைய தம்பி அப்புத்துரை.

“உனக்கென்ன தெரியும்? அவங்கட காது கம்பியில எல்லே இருக்கு.”

பத்து மணிக்கு முபாறக் வந்தார். இராசேஸ்வரி அவரைக் குசினிக்குள் கூட்டிப்போனாள்.

“தம்பி, விசயம் கொம்பனிக்குப் போட்டுதோ?”

முபாறக் அணைந்து கிடந்த அடுப்பைப் பார்த்தார்.

“அக்கா, கொம்பனியே மௌத்தாகி, செத்து ரெண்டு வருசம். ஒருநாள் கொம்பியூட்டரில திறந்து பாத்தன், ஆளையே காணேல்லை.”

“அப்ப இவர் சனிக்கிழமை சனிக்கிழமை கதைச்சது?”

“என்ர லைனில, என்ர காசில.”

ஒவ்வொரு சனியும் வீடு திரும்பி, சைக்கிளை நிறுத்தமுன்னமே, ‘நல்ல கொம்பனியடி, ஒருநாளும் வெட்டினதில்லை’ என்று அவர் மெச்சியதெல்லாம் அவளுக்கு நினைவில் வந்தது.

“ஏன் தம்பி சொல்லேல்லை?”

“சீவியம் முழுக்க எண்டு அண்ணனுக்குச் சொன்னது கொம்பனியில்லையே, அக்கா. நான்தானே.”

முபாறக் தன் கைத்தொலைபேசியை எடுத்து இலக்கத்தை அமத்தி, வினோஜாவுக்கு விசயத்தை மெல்லச் சொன்னார். இராசேஸ்வரி அதை வாங்கிக்கொண்டுபோய்ப் புருசனின் காதோடு வைத்தாள். ‘அப்பா’ என்ற குரல் கூடம் முழுக்கக் கேட்டது. ஒரு மணித்தியாலம் அவள் கையை எடுக்கவில்லை. முபாறக்கும் வெட்டச் சொல்லவில்லை.

பிறகு அவள் வீட்டிலிருந்த ஒரே கைபிடிக் கதிரையைத் தூக்கிவந்து, பிரேதத்தின் தலைமாட்டில், அப்புத்துரைக்கும் முன்னால் போட்டாள். சீலைத்தலைப்பால் அதைத் துடைத்துவிட்டு முபாறக்கைக் கூப்பிட்டாள்.

“இதில இருங்கோ, தம்பி.”

முற்றத்தில் பறை தொடங்கியது.

இவ்வளவையும் போன வெள்ளிக்கிழமை எனக்குச் சொன்னவர் முத்துலிங்கமேதான்.