சபைக்கு ஒன்று, தனக்கு ஒன்று

போடிநாயக்கனூர் கடைத்தெருவில் புஷ்பலதாவை ஏமாற்றி ஏலக்காய் விற்றவர் எவருமில்லை. சாக்கின் வாயைப் பிரித்து ஒரு கை அள்ளுவாள், வெளிச்சத்தில் நிறம் பார்ப்பாள், ஒரு காயைக் கடிப்பாள். "காயப்போட்டவன் அவசரப்பட்டுட்டான் அண்ணே, உள்ள இன்னும் ஈரம் இருக்கு" என்பாள். கொண்டுவந்தவர் மறுத்துப் பேசமாட்டார். கடையின் பெயர்ப்பலகையில் கணவர் சுந்தரராஜின் பெயர் இருந்தாலும், கடைசி வார்த்தை அவளுடையது என்பது மலைமேல் இருக்கிறவர்கள் வரைக்கும் தெரியும்.

வயலின் விஷயத்திலும் அவளுக்கு அதே துணிச்சல்தான். பள்ளி விடுதியில் இருந்த காலத்தில் சில வருடம் கற்றது. கல்யாணம், பிள்ளைகள், வியாபாரம் என்று அது எங்கோ போய்விட்டிருந்தது. இளைய மகள் ஜெனியும் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனதும், புஷ்பலதா ஒருநாள் மதுரைக்குப் பஸ் ஏறி ஒரு வயலினோடு திரும்பினாள். யாரிடமும் யோசனை கேட்கவில்லை. மறந்ததைத் தானே ஞாபகப்படுத்திக்கொண்டாள். ஞாபகம் வராததைச் செல்போனில் பார்த்துக் கற்றுக்கொண்டாள்.

வீடு கடைக்கு மேல்மாடியில். லோடு ஏற்றும் சத்தத்தில் அங்கே வாசிக்க முடியாது. குரங்கணிக்கு மேலே அவர்களுக்குச் சின்னதாக ஒரு ஏலத்தோட்டம் இருந்தது. காய் எடுப்புக் காலத்தில் பறித்த காயைச் சூடேற்றிக் காயவைக்கும் ஸ்டோரை மேற்பார்க்க அவள்தான் ஜீப்பில் ஏறிப் போவாள். அடுப்புப் பற்றிக்கொண்டு சூடு நிலைக்கு வந்துவிட்டால் பிறகு பெரிய சோலி எதுவுமில்லை. பக்கத்து அறையில் ஜன்னலைத் திறந்துவைத்து, எதிரே இறங்கும் சரிவைப் பார்த்தபடி வாசிப்பாள். கோயிலில் சின்ன வயதிலிருந்து பாடிய கிறிஸ்தவக் கீர்த்தனைகள்தான். பிடித்த அடி வந்தால் அதிலேயே தங்கிவிடுவாள். வில்லை மெல்ல இழுத்து, அந்த ஒரு சுரம் மரச்சுவரில் பட்டுத் திரும்பி வருவதைக் கேட்பாள். பிடிக்காத அடியை விறுவிறுவென்று தாண்டிப் போவாள். அந்த நேரத்தில் அவளைப்போலச் செல்வாக்கான மனுஷி அந்த மலையிலேயே கிடையாது.

அந்த வருடம், விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகைக்கு முன்பு, சபையில் வழக்கமாக வயலின் வாசிப்பவர் மகன் வீட்டோடு இருக்கச் சென்னைக்குப் போய்விட்டார். பாடகர் குழுவை நடத்தும் ஜெபகுமார் கடைக்கு வந்து நின்றார். அவர் லேத் பட்டறை வைத்திருப்பவர். புஷ்பலதாவைவிடப் பத்து வயது இளையவர்.

"அக்கா, பண்டிகைக்கு வயலின் இல்லாம இருக்கோம். நீங்க வாசிக்கிறதா அண்ணன் சொன்னாரு."

"வாசிப்பேன் தம்பி. என்னென்ன பாட்டு?"

அவள் கேட்டது அவ்வளவுதான். முடியுமா, பழகவேண்டுமா என்ற கேள்வியெல்லாம் அவள் மனதில் எழவே இல்லை.

சனிக்கிழமை மாலை கோயிலுக்குப் பின்னாலிருந்த கூடத்தில் ஒத்திகை. ஜெபகுமார் கீபோர்டில் உட்கார்ந்தார். ஜோசுவா என்ற இளைஞன் மின்சார டிரம்மைத் தட்டினான். பல்லவி நன்றாகவே போயிற்று. சரணத்தின் மூன்றாம் அடியில் புஷ்பலதா வழக்கம்போல நின்றாள். நின்று நிமிர்ந்து பார்த்தால் பாடுகிறவர்கள் அடுத்த அடியின் பாதியில் இருந்தார்கள். மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடியும் அப்படியே ஆனது. மூன்றாவது முறை ஜோசுவா குச்சிகளை மடியில் வைத்துவிட்டான்.

"பாடுறவங்க ஓடுறாங்க தம்பி, கொஞ்சம் நின்னு பாடச் சொல்லுங்க" என்றாள் புஷ்பலதா.

யாரோ இருமினார்கள். ஜெபகுமார் எழுந்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தணிந்த குரலில் பேசினார்.

"அக்கா, சுருதி சுத்தமா இருக்கு. குறை சொல்ல எடமில்லை. ஆனா நீங்க இதுவரைக்கும் யார்கூடயாவது சேர்ந்து வாசிச்சிருக்கீங்களா?"

"இல்லை."

"அதான். இதக் கொஞ்சம் கேளுங்க."

அன்று பாடியதைப் போனில் பதிந்து வைத்திருந்தார்; அதை ஓடவிட்டார். புஷ்பலதா குனிந்து கேட்டாள். முதல் முறையாகத் தன் சரக்கைத் தானே பிரித்துப் பார்க்கிற மாதிரி இருந்தது. வயலின் ஒரு பக்கம் போகிறது, பாட்டு ஒரு பக்கம் போகிறது. ஓடியது அவர்கள் இல்லை. முகம் சுட்டது. ஆனால் காதால் கேட்ட பிறகு இல்லையென்று சாதிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"சரி. தப்பு எம்மேலதான். அடுத்த சனிக்கிழமை வர்றேன்" என்று வயலினைப் பெட்டியில் வைத்தாள்.

வீட்டில் தோசை ஊற்றிக்கொண்டே கணவரிடம் கேட்டாள்: "என் வாசிப்புல தாளம் நிக்கிறதில்லைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றார் சுந்தரராஜ், சட்னியை இழுத்து வைத்துக்கொண்டு.

"பின்ன ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"நீ எனக்கா வாசிச்ச? உனக்கு வாசிச்ச. அதுல குத்தம் சொல்ல நான் யாரு?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அடுத்த தோசை வேகுமுன் அது போய்விட்டது. அவர் சொன்னதில் பிசகு ஒன்றும் இல்லை. அவள் தனக்கு வாசித்ததில் குறையே கிடையாது. அதே வாசிப்பைத் தூக்கிக்கொண்டு பத்துப் பேர் நடுவில் போனதுதான் கோளாறு. அது வேறு வேலை, கற்றுக்கொண்டால் வந்துவிடும்.

ஜோசுவாவிடம் தாளத்தை மட்டும் தனியாகப் பதிந்து அனுப்பச் சொல்லி, அதைப் போட்டுக்கொண்டு ஸ்டோரில் பழகினாள். முதலில் கடிவாளம் போட்டது மாதிரி இருந்தது. பிடித்த அடி கையை விட்டு நழுவி நழுவிப் போகும். பிடிக்காத அடியையும் முழுசாக வாசித்தாக வேண்டும். வாசிக்க வாசிக்க, இத்தனை நாள் தாண்டிப்போன அடிகளிலும் சில நல்லவை என்று தெரிந்தது. அது அவளுக்கே ஆச்சரியம்.

தோட்டத்தில் நெடுநாளாக வேலை பார்க்கும் சோலையம்மாள் ஸ்டோர் வாசலில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, பாட்டு மாறிருச்சா?"

"பாட்டு அதேதான். ஏன், நல்லால்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. கை அதும்பாட்டுக்குப் போகுது. முந்தி நீங்க வாசிச்சா கையும் நின்னு நின்னு போகும்."

"அப்ப இதுதான் உனக்குப் பிடிச்சிருக்கா?"

"வேலைக்கு இது தேவலை. சும்மா உக்காந்திருக்கப்ப அது தேவலை" என்று சொல்லிவிட்டு சோலையம்மாள் தட்டை உதறினாள்.

அடுத்த ஒத்திகையில் புஷ்பலதாவின் வில் ஒரு இடத்திலும் பின்தங்கவில்லை. ஜோசுவா தலையாட்டிக்கொண்டே தட்டினான். முடிந்ததும் அவள் ஜெபகுமாரிடம் வந்தாள்.

"உங்க தாளத்துக்கு நான் வந்துட்டேன். காணிக்கை எடுக்கிற நேரத்துல தனியா ஒண்ணு வாசிக்கிறேன் தம்பி. அது என் போக்குல."

ஜெபகுமார் யோசித்தார். "தெரிஞ்ச பாட்டுன்னா சபையும் சேர்ந்து பாடிரும் அக்கா."

"பாடட்டுமே."

பண்டிகையன்று பலிபீடத்துக்கு முன்னால் வாழைத்தார்களும் பூசணிகளும் கரும்புக் கட்டுகளும் குவிந்திருந்தன. சுந்தரராஜ் ஒரு மூட்டை ஏலக்காயைக் கொண்டுவந்து வைத்திருந்தார். கோயில் முழுக்க அதன் வாசம். முதல் பாட்டு எழும்பியது. அத்தனை குரல்களுக்கும் அடியில் தன் வயலினும் ஓடுவதைப் புஷ்பலதா கேட்டாள். ஒத்திகையில் இல்லாத ஒன்று அப்போது நடந்தது. அவள் பாட்டை இழுத்துப் போகவில்லை, பாட்டு அவளைத் தூக்கிக்கொண்டு போயிற்று. ஒரு இடத்தில் விரல் தடுமாறியது; தாங்க ஆள் இருந்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை. இத்தனை நாள் இதை ருசி பார்க்காமல் இருந்துவிட்டோமே என்றுகூடத் தோன்றியது.

காணிக்கை நேரம் வந்தது. அவள் மட்டும் எழுந்து நின்றாள். மலைமேல் வாசிக்கிற மாதிரியே தொடங்கினாள். பல்லவி முடிவதற்குள் முன்வரிசைப் பெண்கள் முணுமுணுத்தார்கள். சரணத்தில் சபை முழுதும் பாடியது. மூன்றாம் அடி வந்ததும் அவள் நின்றாள். சபை நிற்கவில்லை. அவளுக்குப் பிடித்த அந்தச் சுரம் கூட்டத்துக்கு நடுவே ஒற்றையாகத் தொங்கியது. பாடிக்கொண்டிருந்த ஒரு அம்மா, நாம்தான் தப்பாகப் பாடிவிட்டோமோ என்று குழம்பிப்போய் அவளைப் பார்த்தாள். பிடிவாதமாக இழுத்துக்கொண்டே போகலாம். புஷ்பலதாவுக்கு அந்தக் குழம்பிய முகம் பொறுக்கவில்லை. வில்லை எடுத்துவிட்டாள். அவர்கள் அந்த அடியைப் பாடி முடிக்கும்வரை காத்திருந்து, அடுத்த அடியில் சேர்ந்து, அவர்கள் போக்கிலேயே கடைசிவரை கூடப் போனாள்.

வெளியே பந்தலில் சாப்பாடு பரிமாறும்போது ஆளாளுக்குப் பாராட்டினார்கள். ஜெபகுமார் இலைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"நடுவுல வில்லை எடுத்தீங்களே, நான் பயந்துட்டேன்."

"பயப்பட என்ன இருக்கு? அவங்களுக்கு விட்டுக்கொடுத்தேன்."

"வருத்தமா அக்கா?"

அவள் சோற்றைப் பிசைந்தபடி தன் மனதைத் தடவிப் பார்த்தாள். வருத்தம் என்று கையில் எதுவும் அகப்படவில்லை. "இல்ல தம்பி. எது எங்க செல்லும்னு தெரிஞ்சுபோச்சு" என்றாள்.

அப்போது பக்கத்து ஊரான தேவாரத்துச் சபையின் செயலாளர் அவர்களைத் தேடிக்கொண்டு வந்தார். தங்கள் பண்டிகைக்கு அம்மா தனியாக வாசிக்க வேண்டும், நோட்டீசில் பெயர் போட்டுவிடலாம் என்றார்.

"தனியா வாசிக்க மாட்டேன் அண்ணே. எங்க பாடகர் குழுவைக் கூப்பிடுங்க, அவங்களோட வர்றேன்."

"இப்பத்தான தனியா வாசிச்சீங்க?"

"பாதிதான் வாசிச்சேன். மீதி கூட்டத்துல வராது. வரவும் வேணாம்."

அவர் புரிந்தும் புரியாமலும் தலையாட்டி, குழுவோடே வரச்சொல்லிப் போனார். ஜெபகுமார் மெல்லக் கேட்டார்: "அந்த மீதியை நான் ஒருநாள் மலைக்கு வந்து கேக்கலாமா அக்கா?"

"கேக்கன்னு ஆள் வந்து உக்காந்துட்டா அது வராது தம்பி."

"சோலையம்மா கேக்குதுன்னு அண்ணன் சொன்னாரே?"

"அவ கேக்க வரலையே. காய் பொறுக்க வர்றா."

ஜெபகுமார் சிரித்துவிட்டார். அதன்பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுப்புக் காலம் முழுவதும் புஷ்பலதா வழக்கம்போலத் தோட்டத்துக்குப் போனாள். ஜன்னலைத் திறந்துவைத்து, பிடித்த அடியில் வேண்டுமட்டும் தங்கி வாசித்தாள். சனிக்கிழமை இறங்கி வந்து, கூடத்தில் மற்றவர்களோடு தாளத்தில் நின்றாள். இரண்டுக்கும் ஒரே வயலின் போதுமானதாக இருந்தது.

தேவாரத்துக்கு எல்லோரும் ஒரு வேனில் போனார்கள். போதகர் ஐயாவின் பிரசங்கம் நீண்டுகொண்டே போய், பன்னிரண்டு மணி வெயிலில் கடைசிப் பாட்டு தொடங்கியது. இரண்டாம் சரணத்தில் கரண்டு போயிற்று. கீபோர்டு செத்தது, டிரம் செத்தது, மைக்கும் அடங்கிவிட்டது. பாடுகிறவர்களின் குரல் ஆளுக்கொரு பக்கம் சிதறத் தொடங்கியது. ஜெபகுமார் ஓசையற்ற கட்டைகளில் விரலை வைத்தபடி புஷ்பலதாவைப் பார்த்தார். அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். செருப்பில்லாத காலால் தரையில் தட்டி, வில்லை அழுத்தி இழுத்து, தாளத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். சிதறிய குரல்கள் ஒவ்வொன்றாக அவளோடு வந்து ஒட்டின. பாட்டு அறுந்துபோகாமல் முடிந்தது.

வேனில் ஏறும்போது ஜோசுவா பின்னாலிருந்து சொன்னான்: "அக்கா, கடைசிச் சரணத்துல கொஞ்சம் வெரசாப் போயிட்டீங்க."

"தெரியும். வேணும்னுதான் போனேன்" என்றாள் புஷ்பலதா, ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொண்டே. "பிரசங்கத்துலயே பிள்ளைகளெல்லாம் பசியில துவண்டுபோச்சு. நீ பாக்கலையா?"