கோடு வரைக்கும்

உருளும் ரப்பர் உருளைக்குப் பக்கத்தில் குனிந்து அவள் காது கொடுத்துக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் கரண்டியால் டம்ளரைத் தட்டினான். குரல் ஒடுங்கிப்போனதிலிருந்து அதுதான் அவன் கூப்பிடும் மணி.

ஓடினாள். நிலைப்படியிலேயே நின்றாள். அவன் கண் திறந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் உள்ளே கால் வைத்தாள்.

"என்ன பயந்தாங்கொள்ளி, இருக்கேனா போய்ட்டேனான்னு எட்டிப் பாக்குறியா?"

வெறும் காற்றுதான் வந்தது. ஆனாலும் கிண்டல் மட்டும் தேயாமல் வந்தது.

காலையில் வந்த நர்ஸ் நாடியைப் பார்த்துவிட்டு, அவளைப் படிக்கட்டுவரை அழைத்துப்போய்ச் சொல்லியிருந்தாள். இன்று தாண்டுவது கஷ்டம், பக்கத்திலேயே இருங்கள், மூச்சு விட்டுவிட்டு வரும், பயப்படாதீர்கள். கடைசி வார்த்தையைக் கேட்டதும்தான் அவளுக்குப் பயம் வந்தது. நீங்களும் இருங்களேன் என்று கேட்டுப் பார்த்தாள். நர்சுக்கு இன்னும் போக வேண்டிய வீடுகள் இருந்தன.

அம்மா இறந்த அன்று, மருந்து வாங்கிவருகிறேன் என்று கிளம்பியவள் மருந்துக்கடையைத் தாண்டி நடந்து, பஸ் நிறுத்தத்தில் நின்று, வருகிற பஸ்ஸையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மாவுடன் இருந்தது அண்ணன் மட்டும்தான். அதைப் பற்றி அவன் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. இப்போது வீட்டில் இவர்கள் இரண்டே பேர். தனக்குப் பதிலாக உட்காரவைக்க அவளுக்கு ஆள் இல்லை.

அந்த உருளைதான் துணை. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். பழைய வாஷிங் மெஷின் மோட்டாரில் இரண்டு கம்பிகளைச் சுழலவிட்டு, அவற்றின் மேல் உருளையைப் படுக்கவைத்து, கல்லுக்கு மெருகேற்ற அவனே செய்தது. உள்ளே கல், தண்ணீர், சாணைத்தூள். வேலைக்குப் போகிற கட்டடங்களில் ஜல்லிக் குவியலைக் கிளறி, சட்டைப்பை கிழியக் கிழியக் கல் பொறுக்கி வருவான். கல்லை அரைத்து யாருக்குப் பரிமாறப் போகிறீர்கள் என்று கீழ்வீட்டு அக்கா அடிக்கடி படியேறி வந்து சண்டை போடுவாள். முரட்டுத்தூளில் தொடங்கி, நைசான தூளுக்கு வந்து, வாரக்கணக்கில் அது இரவும் பகலும் உருளும். இப்போது கடைசிக் கட்டம், பாலீஷ்.

அந்த உறுமல் ஓடும்வரை அண்ணனின் மூச்சு அவளுக்குக் கேட்காது. மூச்சு கேட்காவிட்டால், அடுத்த மூச்சு வருமா என்று காத்திருக்கவும் வேண்டாம்.

"சத்தம் மாறிடுச்சு," என்றான் அண்ணன்.

"எனக்கு அப்படியேதான்ணா கேக்குது. இப்பதான் காது வெச்சுப் பாத்தேன்."

"மூக்குக்கண்ணாடிக் கடைக்காரிக்குக் காதால என்ன தெரியும்? கல்லு ஒண்ணோட ஒண்ணு மோதுது. ஓரம் தெறிச்சிடும். போய் நிரப்பு."

கல் தேயத் தேய உருளைக்குள் இடம் விழும். இடம் விழுந்தால் கற்கள் சரிந்து உருளாமல், தூக்கி எறியப்பட்டு மோதும். இத்தனை நாள் உழைப்பும் ஒரே நாளில் உடையும். அந்த இடத்தை நிரப்பத்தான் பீங்கான் குண்டுகள். உள்ளே அவளுடைய நகப்பூச்சால் அவன் ஒரு சிவப்புக் கோடு இழுத்திருந்தான். எப்போதும் அந்தக் கோடு வரைக்கும் நிறைந்திருக்க வேண்டும்.

"கழுவிட்டுத் தொடு. நகத்துக்குள்ள பழைய தூள் ஒரு துளி இருந்தாலும் எல்லாக் கல்லும் கீறிப்போகும்." கொஞ்சம் நிறுத்தி, மூச்சைச் சேர்த்துக்கொண்டான். "அவசரமில்ல. மெதுவாவே வா."

அறையை விட்டு வெளியே வந்ததும் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை அவள் உடனே வெறுத்தாள். ஆனாலும் குழாயடியில் பிரஷ்ஷால் நகங்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தபோது, தேவைக்கு மேலேயே தேய்த்தாள்.

சுவிட்சை அணைத்தாள். உருளையைத் தூக்கி நிறுத்தி, மூடியைத் திருகி எடுத்தாள். வெண்ணெய் போல வெள்ளைக் குழம்பு. கையை விட்டு மெல்ல விலக்கிப் பார்த்தாள்.

கற்கள் கோடு வரைக்கும் இருந்தன. ஒரு குண்டுக்குக்கூட இடமில்லை.

ஒரு கல்லை எடுத்து, புறங்கையில் துடைத்து, ஜன்னல் பக்கம் திருப்பினாள். லென்சில் கீறல் தேடிப் பழகிய கண். ஓரம் தெறிக்கவில்லை. எதுவும் மாறவில்லை. அவனுக்கும் அது தெரிந்துதான் இருக்கும். உறக்கத்திலும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவன்.

கல்லை மறுபடி குழம்புக்குள் விட்டாள்.

அப்போதுதான் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதை உணர்ந்தாள். மூடியைத் திறக்க மெஷினை நிறுத்தித்தான் ஆகவேண்டும். அவள் பயப்படக் கூடாதென்று அவளை வெளியே அனுப்பியவன் அதை யோசிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மூச்சு வந்தது. நீளமாக இழுத்து, எங்கோ மாட்டிக்கொண்டு, விடுபட்டது. பிறகு ஒன்றுமில்லை. அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு இன்னொன்று.

மூடியைத் திருகினாள். உருளையைக் கம்பிகளின் மேல் படுக்கவைத்தாள். விரல் தானாகவே சுவிட்சுக்குப் போனது. தட்டினால் போதும். அந்த உறுமலுக்குள் உட்கார்ந்துகொள்ளலாம். அவன் சொன்ன மாதிரி மெதுவாகப் போகலாம். ஏன் போனாய் என்று யாரும் கேட்க முடியாது. போகச் சொன்னதே அவன்தான்.

மூச்சு மறுபடி மாட்டிக்கொண்டது.

சுவிட்சைத் தொடாமல் அவள் நடந்தாள். நிலைப்படியில் நிற்காமல் உள்ளே போய், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அப்படியே ஐஸ்.

கண்ணைத் திறக்க அவனுக்கு நேரமாயிற்று. திறந்ததும் அவளைப் பார்த்து ஆச்சரியப்பட்டான்.

"நிரப்பிட்டியா?"

"நிரப்பிட்டேன்ணா. நீ சொன்ன மாதிரியே குறைஞ்சுதான் இருந்தது."

"சொன்னேன்ல," என்றான். உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. சிறிது நேரம் கழித்து, "மெஷின் போடலையா?"

"அப்புறம் போட்டுக்கலாம்."

"பயமா இல்லையா?"

"இருக்கு."

அவளுடைய பிடிக்குள் அவன் கை மெல்லத் திரும்பி, அவள் விரல்களைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

அதன் பிறகு ஒவ்வொரு மூச்சையும் அவள் கேட்டாள். இடைவெளிகளையும் கேட்டாள். அவை நீண்டுகொண்டே போயின. ஓடிவிடலாம் போலக் கால்கள் துடித்தன. தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துப் போனது. யாரோ பக்கெட்டை நகர்த்தினார்கள். ஒரு இடைவெளியில் அவள் காத்திருந்தாள். காத்துக்கொண்டே இருந்தாள்.

வாசலில் செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டது. கீழ்வீட்டு அக்கா அழைப்புமணி அடிக்காமலேயே உள்ளே வந்திருந்தாள்.

"சத்தம் நின்னுச்சே," என்று ஆரம்பித்தவள், கட்டிலைப் பார்த்ததும் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா ஃபேனை நிறுத்தினாள். அவன் கண்களை மூடிவிட்டாள். யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். பிறகு அவன் மணிக்கட்டைக் கவனித்தாள். நான்கு விரல்களும் ஒரு கட்டை விரலும் அந்தக் குழம்பில் வெள்ளையாகப் பதிந்து, காய்ந்து, மெல்லிய வெடிப்பு விட்டிருந்தன. குழாயடிக்குப் போய் ஒரு துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு வந்தாள்.

"அது இருக்கட்டும்க்கா."

அக்கா துணியை அவனிடமிருந்து விலக்கிக்கொண்டாள். பிறகு தரையில் உட்கார்ந்து, அவளுடைய கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக, நகத்துக்குள்ளும் துணி நுனியை விட்டு, துடைக்கத் தொடங்கினாள்.