ரேடியோவுக்கு மூன்று பூட்டு

1.

இந்தக் கதை எனக்கு ஒரு தபால் கார்டிலிருந்து கிடைத்தது. கார்டு எனக்கு வந்ததல்ல. எதிர்க்கடைச் சண்முகவடிவுக்குக் கொழும்பிலிருந்து வந்தது. ஒட்டாமல் அனுப்பிய எழுத்து ஊருக்கே எழுதியது என்பது என் கட்சி. தபால்காரருக்கும் அதே கட்சி.

"வருகிற வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, உன் பேருக்குப் பாட்டுக் கேட்டு இலங்கை ரேடியோவுக்கு எழுதியிருக்கிறேன். தவறாமல் கேள். – பொன்னுச்சாமி."

பொன்னுச்சாமி அவளுடைய புருஷன். கொழும்பில் கடை வேலை. பதினோரு மாதமாக அவனிடமிருந்து ஒரு வரி கிடையாது. அந்தப் பதினோரு மாதத்தில் அவனுக்கு அங்கே இன்னொரு பெண்ணைக் கட்டிவைத்துவிட்டது ஊர். (குழந்தை ஒன்றை மட்டும் நான் சேர்த்தேன். இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.)

2.

ஆரம்ப வரிகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஐப்பசியின் கருமேகங்கள் திருச்சுழி வானத்தை மூட... – பொய். 1967-இல் மேகம் எங்கே வந்தது?

கண்ணீர் மல்கச் சண்முகவடிவு அந்தக் கார்டை... – அவள் அழுது நான் பார்த்ததில்லை. பார்க்க முயற்சி செய்யாமலும் இல்லை.

ஊருக்கு ஒரே ரேடியோ. அதற்கு மூன்று பூட்டு. – இது இருக்கட்டும்.

3.

பூட்டு எப்படி வந்தது என்று சொல்லாவிட்டால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள்.

பஞ்சாயத்து ரேடியோ வந்த புதிதில், அறைக்குள் போகிறவன் எல்லாம் ஸ்டேஷன் மாற்றும் திருகைத் திருப்புவான். ஒரு நாள் பண்ணைச் செய்தியில் பருத்திப் பூச்சிக்கு மருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். "ஒரு குப்பி மருந்துக்குத் தண்ணீர்..." என்ற இடத்தில் எவனோ முள்ளைத் திருப்பிவிட்டான். இலங்கையிலிருந்து டூயட் பாட்டு. தண்ணீர் எவ்வளவு என்பதை, பருத்தி போட்டிருந்த நல்லகண்ணு தன் புத்திக்கு ஊகித்துக்கொண்டு தெளித்தார். ஒன்றரைக் குறுக்கம் நிலத்துப் பருத்தி கருகிப்போயிற்று.

அடுத்த கூட்டத்தில் யோசனை சொன்னது சண்முகவடிவுதான். பஞ்சாயத்தில் இருந்த ஒரே பெண் மெம்பர் அவள். "அம்மன் கோயில் உண்டியலுக்கு எப்பிடி? மூணு பூட்டு, மூணு வீட்டுல சாவி. மூணு பேரும் வந்தாத்தான் தொறக்கும். அதே மாதிரி செய்யிங்க."

தச்சர் பெட்டி அடித்தார். முள்ளைத் திருநெல்வேலி நிலையத்தில் நிறுத்தி, திருகை உள்ளே வைத்துப் பூட்டினார்கள். போட்டு அணைக்கும் சுவிட்சும், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழும் மட்டும் வெளியே. அது யார் வேண்டுமானாலும் தொடலாம். ஒரு சாவி பிரசிடெண்டு வெள்ளத்துரையிடம். இன்னொன்று, தேர்தலில் அவரிடம் தோற்ற நல்லகண்ணுவிடம். மூன்றாவது வடிவிடம். தோற்ற நாளிலிருந்து நல்லகண்ணுவுக்குப் பிரசிடெண்டோடு பேச்சு வார்த்தை இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து திறக்க வர மாட்டார்கள் என்று கணக்குப் பண்ணித்தான் அவள் சாவியைப் பிரித்தாள். அப்போது கெட்டிக்காரி என்று ஊரே மெச்சியது. ஏழு மாதமாக அந்தப் பெட்டி திறக்கவே இல்லை.

இப்போது கார்டு வந்துவிட்டது.

4.

(இந்த இடத்தில் வெள்ளத்துரையைக் கெட்டவராக எழுதினால் கதை சுளுவாக ஓடும். எழுதியும் பார்த்தேன். மீசையெல்லாம் வைத்தேன். ஆனால் மனிதர் அப்படி இல்லை. அவருக்கு வந்தது நியாயமான பயம்.)

"தங்கச்சி, இன்னைக்கு ஒனக்குத் தொறந்தா நாளைக்கு வேற ஒருத்தன் வந்து நிப்பான். பூட்டச் சொன்னதே நீதானம்மா?"

"நாந்தான் அண்ணாச்சி. தொறக்கவே கூடாதுன்னா ஆணி அடிச்சிருப்பமே, பூட்டு எதுக்கு? ஒத்த ஆளாத் தொறக்கக் கூடாதுன்னுதான் மூணு பூட்டு. மூணு பேரு சம்மதிச்சுத் தொறந்தா அது சட்டத்த மீறுனதில்ல, சட்டப்படி நடந்தது."

அவர் மீசையை (சரி, சின்ன மீசை இருந்தது) தடவினார். "நல்லகண்ணு வருவானா? வியாழக்கிழமை ஆறு மணிக்குத்தான் மழைச் செய்தி. வெதையக் கையில வச்சிட்டு உக்காந்திருக்கான்."

"அவுகளக் கூட்டியாறது ஏம் பொறுப்பு."

நல்லகண்ணு வீட்டு வாசலில் அவள் பேசியது எனக்கு முழுதாகக் கேட்கவில்லை. வேலி கொஞ்சம் உயரம். அவர் குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"மழை வரும்னு ரேடியோக்காரன் சொல்லி எத்தன நாளு வந்துச்சு? வாரேன் தாயி. ஆனா அந்தாளுகிட்ட நான் ஒரு வார்த்த பேச மாட்டேன், ஆமா."

5.

வியாழக்கிழமை ரேடியோ அறை முன்னால் ஊரே கூடியிருந்தது. மல்லாங்கிணற்றிலிருந்து பஸ்ஸேறி வடிவின் நாத்தனார் மாரிக்கனியும் வந்திருந்தாள். அண்ணனுக்குக் கொழும்பில் வேறு குடும்பம் என்று முதலில் சொன்னவளே அவள்தான். ரேடியோவில் வடிவு பேர் வராமல் போவதை நேரில் பார்க்க வந்திருந்தாள்.

மூன்று பூட்டும் திறந்தன. பிரசிடெண்டும் நல்லகண்ணுவும் ஒரே பெட்டிக்கு முன்னால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். வடிவு முள்ளை நகர்த்தினாள். இரைச்சல், விசில், பிறகு இலங்கை.

பேர்ப் பட்டியல் ஆரம்பித்தது. யாழ்ப்பாணத்து ஆள் ஒருவர், நுவரெலியாவில் ஒரு குடும்பம், மூன்று சிநேகிதிகள்...

நல்லகண்ணு மெதுவாகச் சத்தக் குமிழில் கை வைத்தார். "கொஞ்சம் கொறச்சு வைக்கட்டா தாயி? நமக்குள்ள கேட்டாப் போதாதா?"

அவர் சொன்னதன் அர்த்தம் எல்லோருக்கும் புரிந்தது. பேர் வராவிட்டால் அவமானமாவது சின்னதாக இருக்குமே. மாரிக்கனி சிரிப்பு தெரியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வடிவு அவர் கையை விலக்கினாள். குமிழைக் கடைசி வரைக்கும் திருப்பினாள். ஊரணிக் கரையில் நின்ற மாடுகள் தலை தூக்கிப் பார்க்கிற அளவுக்குக் கூரைமேல் ஒலிபெருக்கிக் குழாய் அலறியது.

"வந்தாலும் வராட்டியும் எல்லாரும் ஒருக்கா கேட்டுக்கிடட்டும்," என்றாள். "நாளைக்கு ஆளுக்கு ஒரு கதையா இட்டுக்கட்ட வேண்டாம் பாருங்க."

இதைச் சொல்லும்போது அவள் பார்த்தது மாரிக்கனியை என்று எழுதத்தான் ஆசை. பார்த்தது என்னை.

6.

முடிவு.

அ) அறிவிப்பாளர் மூச்சு விட்டு, "அடுத்து, அருப்புக்கோட்டைப் பக்கம்..."

ஆ) கரண்டு

இரண்டையும் பாதியில் விட்டுவிட்டேன். நடந்தது எனக்குத் தெரியும். பெட்டியிலிருந்து பத்தடி தூரத்தில்தான் நின்றேன். ஆறு இருபதுக்கு அவளே முள்ளைத் திருநெல்வேலிக்குத் திருப்பி, மூவரும் பூட்டினார்கள் என்பது வரை சொல்லலாம். மழைச் செய்தியின் கடைசி வரி நல்லகண்ணுவுக்குக் கிடைத்துவிட்டது.

போன வாரம் இந்தக் காகிதங்களை எடுத்துக்கொண்டு வடிவு கடைக்குப் போனேன். நின்றபடியே படித்தாள். குழந்தை விஷயம் வந்த இடத்தில் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "முடிவ எழுதலாமா?" என்று கேட்டேன்.

"மூணு பேரு சம்மதிக்கணும்," என்றாள். "ஒங்க சம்மதம் எப்பவும் உண்டு, அது தெரியும். படிக்கிறவுக கிட்டக் கேட்டுட்டு வாங்க. என் சாவிய அப்புறம் பாப்போம்."

சொல்லுங்கள்.